ஆளுங்கட்சியும் வேண்டாம், எதிர்க்கட்சியும் வேண்டாம் என்றால் ஏன் ஓட்டுப் போட வேண்டும்?

கேள்வி இதுதான்: “ஆளுங்கட்சி மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. எதிர்க்கட்சி வந்தாலும் இதே கதைதான் என்று தெரிகிறது. வரும் சட்டமன்றத் தேர்தலில் ஏன் ஓட்டுப் போட வேண்டும்? நோட்டா போட்டால் போதாதா?”

நான் நோட்டா போட்டவன். அதுவும் 2014-ல் நாட்டிலேயே அதிகமாக நோட்டா விழுந்த தொகுதியில் போட்டவன். அதனால் இதற்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஊர் கூடலூர். நீலகிரி என்றதும் பலருக்கு ஊட்டியின் பூங்காவும் மலை ரயிலும்தான் ஞாபகம் வரும். கூடலூர் அந்த மலையின் மறுபக்கச் சரிவு. ஒரு பக்கம் வயநாடு, ஒரு பக்கம் நிலம்பூர், இன்னொரு பக்கம் முதுமலைக் காடு. இங்கே பஜாரில் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். மனு அடித்துக் கொடுப்பதுதான் என் பாதி வேலை. பணியர் பழங்குடிக்காரர் வருவார், மலையாளத்து சேச்சி வருவார், எங்களைப் போல சிலோனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் வருவார்கள். யார் வந்தாலும் பாதி மனுவில் ஒரே எண்தான் இருக்கும்: பதினேழு.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் தாலுகாவின் நிலம் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. சுமார் 80,000 ஏக்கர். கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது, 1974-ல் நடைமுறைக்கு வந்தது. உழுதவர்களுக்குப் பட்டா கொடுக்க அதில் சில பிரிவுகள் உண்டு. தோட்டக் குத்தகை நிலங்களுக்கு வேறு பிரிவு, அதுதான் 17. அந்தக் குத்தகைகள் என்ன ஆவது என்று வழக்கு மேல் வழக்கு. பெரிய எஸ்டேட்காரர்களின் ஆயிரக்கணக்கான ஏக்கரும், அதன் ஓரத்தில் குடிசை போட்டவனின் பத்து சென்ட்டும் அதே 17-க்குள் மாட்டிக்கொண்டன.

சட்டம் படித்தவர்கள் கொயல்லோ வழக்கு என்பார்கள். அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது கோர்ட் கேள்வி கேட்க முடியாதபடி சட்டங்களைப் பாதுகாக்கும் பட்டியலில், வைத்த சட்டத்தையும் நீதிமன்றம் சோதிக்கலாம் என்று 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு. அந்த வழக்கு கிளம்பியது எங்கள் ஜென்மச் சட்டத்திலிருந்து. ‘காடு’ என்றால் எது என்று 1996-ல் இந்தியாவுக்கே வரையறை சொன்ன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் கூடலூர் மரங்களுக்காகப் போட்டதுதான். இரண்டு தீர்ப்பும் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு தீர்ப்பும் வரவில்லை.

எங்கள் வீடு 1981-ல் அப்பா கட்டியது. எஸ்டேட்டை ஒட்டிய சரிவில் ஒரு துண்டு நிலம், அதுவும் அந்த 17-க்குள். அதனால் வீட்டுக்குக் கரண்ட் கிடைக்கவில்லை. வீட்டுக்கு மேலேயே மின்கம்பி போகிறது, தேயிலை ஃபேக்டரிக்கு. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் லைன்மேன் வந்து எங்கள் பலாமரத்தின் மேல்கிளைகளை வெட்டிவிட்டுப் போவார், கம்பியில் உரசக்கூடாது என்று. அம்மா அவருக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுப்பார். அவர் குடித்துவிட்டு, “என்ன செய்யறதுங்கம்மா, உங்க நிலத்துக்கு தடையின்மைச் சான்று வேணும்ல” என்பார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கம்பி எங்கள் கூரைக்கு மேலே பத்தடியில் போகிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை சிம்னி விளக்கில் படித்தேன். இப்போது ஒரு சோலார் தகடு இருக்கிறது, ஆடி மாதத்து மழையில் அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

2006-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் எங்களுக்குக் கலர் டிவி கொடுத்தார்கள். ரேஷன் கார்டு இருந்தது, கிடைத்தது. 2011-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். அதுவும் கிடைத்தது. அம்மா டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து மூலையில் வைத்தார். கரண்ட் வந்ததும் போடலாம் என்று மிக்ஸியைப் பெட்டியோடு பரணில் வைத்தார். இதுவரை கொடுத்த மனுக்களின் நகல்களை எல்லாம் அந்த டிவியின் மேல்தான் அடுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ‘பெறப்பட்டது’ என்ற சீல். ஊதா மசியில் சில, பச்சையில் சில. பழசானவற்றில் தேதி மங்கிவிட்டது.

இலவசத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சமவெளியில் 2021-லேயே வந்த பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் எங்கள் மலைக்கு 2024-ல்தான் வந்தது, ஆனாலும் வந்ததும் அம்மா ஆஸ்பத்திரிக்குத் தைரியமாகப் போகிறார். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை என்றால் எங்கள் வரிசை வீடுகளில் அது அரிசிக்கும் மருந்துக்கும் ஆகிற காசு. கொடுத்ததைக் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். என் வருத்தம் வேறு. எங்கள் கையில் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள், காலுக்குக் கீழே இருக்கிற நிலத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

இல்லை, பேசுவார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது பேசுவார்கள். நம்பிக்கை எனக்குப் போனது அங்கேதான்.

ஒரு வருஷம் பட்டாவும் கரண்ட்டும் கேட்டு பஜாரில் உண்ணாவிரதம். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த உள்ளூர் பிரமுகர் ஒருவர் எங்களோடு பாயில் உட்கார்ந்தார். “மனசு இருந்தா மார்க்கம் உண்டு, கோர்ட்டைக் காட்டி ஏமாத்தறாங்க” என்று மைக்கில் சொன்னார். அம்மா கைதட்டினார். அதே நாளில் ஆளுங்கட்சிக்காரரிடம் மனு கொடுக்கப் போனோம். அவர் சொன்னது: “விஷயம் கோர்ட்டுல இருக்கு, நாங்க கை வைக்க முடியாது.” பிறகு ஆட்சி மாறியது. மறுபடி உண்ணாவிரதம், அதே பந்தல்காரர், அதே சிவப்பு நாற்காலிகள். இந்த முறை பாயில் உட்கார்ந்தவர் முன்பு கை வைக்க முடியாது என்றவர். “கோர்ட்டைக் காட்டி ஏமாத்தறாங்க” என்று அவர் சொன்னார். முன்பு பாயில் உட்கார்ந்தவரிடம் மனுவோடு போனோம். “விஷயம் கோர்ட்டுல இருக்கே தம்பி” என்றார். ஒரு வார்த்தை மாறவில்லை, ஆள் மட்டும் மாறியிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. முப்பது வயதை நெருங்கிய ஆள், ரோட்டில் நடந்துகொண்டே அழுதேன்.

2014 நாடாளுமன்றத் தேர்தல் அதற்குப் பின்னால் வந்தது. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி நோட்டா பொத்தான் வந்திருந்த புதுசு. ஏப்ரல் 24-ம் தேதி, எந்திரத்தில் கடைசியாக இருந்த அந்தப் பொத்தானை அழுத்தினேன். மனசு லேசானது, மறுக்க மாட்டேன். மே 16-ம் தேதி எண்ணினார்கள். நீலகிரியில் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு. நாட்டிலேயே அதிகம். அதிமுக முதலிடம், திமுக இரண்டாமிடம், மூன்றாவது நோட்டா. காங்கிரஸ் எங்களுக்குப் பின்னால். ஒரு வாரம் அந்த எண்ணை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அப்புறம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. நோட்டா எத்தனை வாங்கினாலும் வேட்பாளர்களில் யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் வெற்றி. அது சட்டம், தெரிந்துதான் போட்டேன். எனக்கு உறைத்தது வேறு. அந்த 46,559 பேரும் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மலையில் இருக்கின்றன. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் கீழே. அந்த முறை பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது, அந்தக் கோபத்தில் போட்டவர்கள் உண்டு என்றார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத கோபம் என்றார்கள். 2ஜி ஊழல் வழக்கைப் பார்த்த வெறுப்பு என்றார்கள். பதினேழு என்று யாரும் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டே நடந்த அந்த ரோடு, அந்த எண்ணுக்குள் எங்கேயும் இல்லை. நோட்டா நம் கோபத்தை எண்ணிவிடும். காரணத்தைக் கேட்காது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் அனுபவத்தில் இதுதான் நேரான பதில்.

சட்டமன்றத்துக்கு எங்கள் ஊர் வேறு வழியும் பார்த்தது. 2011-லும் 2016-லும் ஆட்சி அதிமுகவுக்கு, கூடலூர் அனுப்பியது திமுக உறுப்பினரை. 2021-ல் ஆட்சி திமுகவுக்கு, கூடலூர் அனுப்பியது அதிமுக உறுப்பினரை. மூன்று முறையும் எதிர்வரிசையில் உட்காருகிறவரையே அனுப்பியிருக்கிறோம். திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் கடையில் பேச்சைக் கேட்கிற எனக்கு ஒன்று தெரியும்: இங்கே பாதிப் பேர் ஒரு கட்சியை விரும்பி ஓட்டுப் போடுவதில்லை, எது கடைசியாக ஏமாற்றியதோ அதற்கு எதிராகப் போடுகிறார்கள்.

மூன்றாவது கட்சிக்குப் போடுங்களேன் என்று சொல்வீர்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் தேமுதிகவைப் பார்த்தவன் நான். 2005-ல் ஆரம்பித்து, 2006-ல் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 2011-ல் 29 இடம் வாங்கி, அதன் தலைவர் எதிர்க்கட்சித் தலைவராகவே உட்கார்ந்தார். 2016-ல் ஒரு இடம்கூட இல்லை. புதுக்கட்சி மேல் எனக்கு வெறுப்பில்லை. புதுசு என்பதற்காக மட்டும் என் ஓட்டைக் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான். அவர்களிடமும் பதினேழைத்தான் கேட்பேன்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இன்னும் ஓட்டுப் போடுகிறேன் என்றால் அது அவரால்தான்.

அவர் பிறந்தது கண்டிப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். இலங்கையில் 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் ஓட்டுப் போட்டார்கள், இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம், அதற்கடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தவர். அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: “நமக்கு அங்க ஓட்டு இருந்திருந்தா நம்மள இப்படி ஆடு மாடு மாதிரி பங்கு போட்டிருக்க மாட்டானுங்க.”

2014-ல் நோட்டா போட்டதை அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மைக்கறையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: “யாரும் வேணாம்னு சொல்லிட்டா, நாளைக்கு யாருகிட்ட தம்பி போய் சண்டை போடுவ?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த தேர்தலிலிருந்து மறுபடி ஆளுக்குப் போடுகிறேன். போடுவதற்கு முன்னால் கேட்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் கடைக்குள் உட்காரவைத்து ஒரே கேள்வி: எஸ்டேட் குத்தகையையும் குடிசைக்காரனின் துண்டு நிலத்தையும் தனித்தனியாக அளந்து, தனித்தனிப் பட்டியலாகக் கோர்ட்டில் வைப்பீர்களா? பட்டா தருவேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். காட்டைத் திறந்துவிடு என்றும் நான் கேட்கவில்லை. யானை நடக்கிற வழியில் வீடு கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும், இரவில் அது முற்றத்தில் நிற்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர்கள் நாங்கள்தான். பதிலைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுகிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து, 17-வது பிரிவு என்ன சொல்கிறது என்று என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். என் ஓட்டு அவருக்குப் போனது. அவர் தோற்றார். பரவாயில்லை, அந்த நோட்டில் அவர் பெயர் இருக்கிறது, இப்போதும் பஜாரில் பார்த்தால் “வழக்கு என்ன ஆச்சு” என்று கேட்கிறார்.

உள்ளாட்சி ஓட்டை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டில் நகராட்சி, பேரூராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது. இரண்டு ஆட்சியும் அதில் பங்கு. அந்த ஐந்து வருஷம் எங்கள் பேரூராட்சியில் தெருக்குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது என்றே தெரியாது. 2022-ல் சுயேச்சையாக நின்ற பக்கத்து வரிசை அக்காவுக்குப் போட்டோம், ஜெயித்தார். கரண்ட் அவர் கையில் இல்லை. ஆனால் குழாய் வந்தது, வீடு வரைக்கும் நடைபாதை வந்தது. அந்தப் படிகள் வந்த பிறகுதான் அம்மா கைத்தடியோடு தனியாக ரோட்டுக்கு இறங்குகிறார்.

2024 ஏப்ரல் 19-ம் தேதியும் அப்படித்தான் இறங்கினார். காலை ஏழு மணிக்கு பூத்தில் வரிசையில் நின்றார். பள்ளிக்கூடத்து அறை, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்குப் போட்டார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வெளியே வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, ஜெயிக்கிறவருக்குக் கொடுக்க அடுத்த மனுவை இப்போதே அடித்து வை என்றார். அன்று இரவே கடையைத் திறந்து அடித்தேன். வாசித்துக் காட்டியபோது ஒரு வரி குறைகிறது என்றார்.

“வருஷா வருஷம் கம்பிக்காக எங்க பலாமரத்த வெட்டறாங்கன்னு அதுல எழுது தம்பி.”

எழுதினேன்.