டிரெயின் குழாயை எடுக்கும்போது வலிக்குமா? எடுத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து, புண்ணுக்குள் சேரும் நீரை வெளியே ஒரு டப்பாவுக்கு உறிஞ்சி வடிக்கும் டிரெயின் குழாயோடு அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்பாசமுத்திரத்தில் என் மதினிக்கு இதே குழாய் இருந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் நான். தைரியமாக இருங்கள், பயப்படும் அளவுக்கு வலி இல்லை.

நர்ஸ் முதலில் டப்பாவின் உறிஞ்சலை நிறுத்தினார். குழாயைத் தோலோடு பிடித்திருந்த தையலை வெட்டினார். மதினியை மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொல்லி, விடும்போதே ஒரே சீராகக் குழாயை உருவிவிட்டார். சுரீரென்று ஓர் எரிச்சல், அவ்வளவுதான். உள்ளே இருந்த பகுதி நாங்கள் நினைத்ததைவிட நீளம். வரிசையாகத் துளைகள் வேறு.

வலியைவிட எனக்குக் கவலை தருவது அவசரம்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "இன்னுமா எடுக்கவில்லை?" என்பார்கள். காதில் வாங்காதீர்கள். 24 மணி நேரத்தில் வடியும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கி, மறுநாளும் அப்படியே இருந்தால்தான் பொதுவாக எடுப்பார்கள். முந்தி எடுத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளலாம். பிறகு ஊசியால் உறிஞ்ச வேண்டிவரும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் அளந்து, தேதி, அளவு, நிறம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். சிவப்பு வெளுத்து இளமஞ்சளாக மாறிவருவது நல்ல அறிகுறி. எங்கள் டாக்டர் புண்ணைப் பார்க்கும் முன் நோட்டைத்தான் கேட்டார்.

எடுத்த பிறகு அந்தத் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். ஓரிரு நாள் கட்டுத்துணி லேசாக நனைவது இயல்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டை மாற்றுங்கள். ஆச்சிமார் எவ்வளவு சொன்னாலும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச வேண்டாம். துளை முழுக்க ஆறி டாக்டர் சரி என்று சொல்லும்வரை தாமிரபரணியில் முங்கிக் குளிக்கவும் கூடாது. பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிடாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்.

அந்த இடம் வீங்கி உள்ளே நீர் தளும்பினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ உடனே அறுவை செய்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். தொலைவாக இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போகலாம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்தப் பக்கக் கையால் தண்ணீர்க் குடம் தூக்க விடாதீர்கள். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வையுங்கள்.