எதிர்ப்புசக்தி டானிக்கும் கோழித் தடுப்பூசியும்

கேள்வி: 200 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். போன முறை தண்ணீரில் லசோட்டா தடுப்பு மருந்தைக் கலந்து கொடுத்தும் வெள்ளைக்கழிச்சல் நோயில் பாதி போய்விட்டது. இந்த முறை எதிர்ப்புசக்தி மருந்தும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார் மருந்துக்கடைக்காரர். கொடுக்கலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் நூறு கோழியைப் பறிகொடுத்த நீங்கள் டானிக் பாட்டிலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஐஸ் பெட்டியை. லசோட்டாவில் இருப்பது உயிருள்ள வைரஸ், கடையிலிருந்து பண்ணைக்கு வருவதற்குள் ஐஸ் கரைந்து சூடேறிவிட்டால் அது செத்துப்போகும், செத்த மருந்துக்கு எந்த டானிக்கும் உயிர் கொடுக்காது. அடுத்தது தண்ணீர். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் கலந்தாலும் இதே கதிதான். குளோரின் இல்லாத குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, அப்புறம் மருந்தைக் கலந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துத் தீரும்படி அதிகாலையில் வையுங்கள். பெரிய பண்ணைகளில் தண்ணீரில் நீலச் சாயம் சேர்ப்பார்கள்; கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் நீலம் ஏறியிருக்கும், ஏறாத கோழி மருந்து குடிக்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். 200 கோழிதானே, என்னைக் கேட்டால் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே மேல்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தடுப்பூசி பிடிக்கவில்லை என்றால் கோழியின் உடம்பில் கோளாறு. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் இருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, குடற்புழு, குஞ்சுப் பருவத்தில் வந்துபோன கம்போரோ என்ற வைரஸ் நோய், இவை எதிர்ப்புசக்தியையே தின்றுவிடும். கம்போரோ தாக்குவதே எதிர்ப்பு அணுக்கள் வளரும் பர்சா சுரப்பியைத்தான். தீவனத்தை முகர்ந்து பாருங்கள், பூசண வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெயில் காலத்திலோ இடம் மாற்றிய கோழிக்கோ வைட்டமின் ஈ, செலினியம், வைட்டமின் சி நிஜமாகவே கைகொடுக்கும். தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள், தடுப்பூசித் தண்ணீரில் மட்டும் கலக்காதீர்கள். எதிர்ப்புசக்திக்கென்று கொடுக்கும் இன்னொரு மருந்தான லெவாமிசோல் அடிப்படையில் குடற்புழு மருந்து, குறைந்த அளவில் எதிர்ப்புசக்தியைத் தூண்டும், அளவு மீறினால் கெடுதல். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல், முட்டையை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொள்ளாமல், அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தால் தடுப்பூசி தேவையில்லை என்கிறார்களே?
- வாசகி, மணப்பாறை

பதில்: அரைத்துக் கொடுங்கள், தடுப்பூசியையும் போடுங்கள். எந்த மூலிகையும் வெள்ளைக்கழிச்சலுக்கான எதிர்ப்பு அணுக்களை உண்டாக்காது. குஞ்சுக்கு 7ஆம் நாள் தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஆர்.டி.வி.கே. என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கம். இதில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள் அம்மா.