ஏறிவிடுகிறேன் டாக்டர், இறங்கத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 53, ஊர் காங்கேயம். ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். படி ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை, இறங்கினால் வலது முட்டி வலிக்கிறது. மகன் நண்பர்களோடு வெள்ளியங்கிரி போகிறான். நானும் வருகிறேன் என்றால், "உனக்கெதுக்கும்மா இந்த வேலை" என்கிறான். நான் போகலாமா?

பதில்: மலை ஏறலாம். வெள்ளியங்கிரி மட்டும் இந்த வருடம் வேண்டாம். ஏழு மலையையும் ஏறிவிட்டு, அத்தனையையும் இறங்கியாக வேண்டும். பாதி வழியில் முட்டி மக்கர் செய்தால் வண்டி வராது.

திம்பம் மலையில் லாரி ஏறும்போது எஞ்சினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. நம் காலுக்கு பிரேக் முன்தொடைத் தசைதான். அதில் வலு இல்லையென்றால் பாரமெல்லாம் முட்டிச் சில்லில் விழும். அதனால் முதல் வேலை வீட்டிலேயே: நாற்காலியில், நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், பத்துப் பத்தாக மூன்று தடவை. ஒரு மாதம் கழித்து சிவன்மலைப் படி. அப்புறம் சென்னிமலை. அங்கே 1,320 படி, கூடவே வண்டிப் பாதையும் உண்டு. முதலில் படியில் ஏறி வண்டியில் இறங்குங்கள். மகனை வண்டியோடு மேலே நிற்கச் சொல்லலாம், அவருக்கும் ஒரு வேலை! பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து இறங்கிப் பழகுங்கள்.

என்னிடம் வருகிற ஒருவருக்குச் சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. பாதிப் படி ஏறி, நிழலில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவார். அதுவும் மலையேற்றம்தான்.

தடியை இடது கையில் பிடியுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம் என்பது கணக்கு. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

முட்டியைவிட எனக்குக் கவலை அந்த கிளிமிபிரைடு மாத்திரைதான். நடக்கும்போது சர்க்கரையை அது சட்டென்று இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். மலை ஏறினால் வியர்க்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கடலை மிட்டாய் அதற்கு உதவாது; கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அன்று இரவு தூக்கத்திலும் இறங்கலாம், படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அன்றைக்கு மாத்திரையைக் குறைப்பதா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அவரிடம் போகும்போதே ஒரு இசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

வேண்டுதல் என்று வெறுங்காலில் மட்டும் ஏறாதீர்கள். சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் முள் குத்தினால் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.