இருபதாயிரம் பெட்டி சாக்லேட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 44 வயது. தனியார் வங்கிக் கிளையொன்றில் வேலை பார்க்கிறேன். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் சோபாவில் போட்டுவிட்டுப் போன ‘லாங் வே டவுன்’ என்ற ஆங்கில இளையோர் நாவலைச் சும்மாதான் புரட்டினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன். முந்நூறு பக்கம்! இத்தனைக்கும் என் மேஜையில் ஒரு தடித்த நாவல் ஆறு மாதமாக அறுபதாம் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. அப்புறம் அவள் அலமாரியிலிருந்து இன்னும் மூன்று எடுத்தேன். ஒன்று பிடித்தது, இரண்டைப் பாதியில் வைத்துவிட்டேன். அந்த இரண்டில் ஒன்றில் ஒரு பெண், இரண்டு பையன்கள். யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்பதே கதை.

“இப்படியே போனா அடுத்த வருஷம் அம்புலிமாமா தேடுவே” என்கிறார் கணவர். சிரித்துவிட்டேன், ஆனால் உறுத்துகிறது. 15 வயதுப் பையனின் கதை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்க வேண்டும்? ரசனை இறங்கிவிட்டதா, இல்லை அலுப்பில் சுலபமானதைத் தேடுகிறேனா? இந்த வகையில் எதை வாசிக்கலாம், எதை விடலாம்?

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

கணவரின் கேலிக்கு முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் பௌக்கர் என்ற புத்தகச் சந்தை ஆய்வு நிறுவனம் 2012இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 12 முதல் 17 வயதினருக்கென்று பதிப்பகங்கள் போடும் புத்தகங்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் 18 வயதைத் தாண்டியவர்கள். அதிலும் 30 முதல் 44 வயது வரையுள்ளவர்கள்தான் பெரிய கூட்டம். பிள்ளைக்கு வாங்குகிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் தாங்களே வாசிக்கத்தான் என்று பதில். ஆக, நீங்கள் அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் சரியாக இடம்பிடித்திருக்கிறீர்கள். கூட்டம் இருப்பதாலேயே ரசனை சரியென்று ஆகிவிடாது, மெகா சீரியலுக்கும் கூட்டம்தான். ஆனால் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

‘யங் அடல்ட்’, அதாவது இளையோர் நாவல் என்பதை ஒரு எழுத்து வகை என்று நினைத்துக்கொள்கிறோம். முதலில் அது அலமாரியின் பெயர். அமெரிக்கப் பொது நூலகங்களில் சிறுவர் பகுதியிலும் ஒட்டாமல் பெரியவர் பகுதியிலும் ஒட்டாமல் நின்ற பதின்வயதினருக்கு நூலகர்கள் ஒதுக்கிய இடம். அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் இதற்கென்று தனிப் பிரிவையே தொடங்கியது. 1967இல் வந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைத்தான் அந்த அலமாரியின் முதல் சொந்தச் சரக்காகப் பலரும் சொல்வார்கள். அது வெளியானபோது எழுதிய எஸ்.ஈ. ஹின்டனுக்கு வயது 18. பிறகு பதிப்பகங்கள் அந்த அலமாரியைப் பார்த்தே எழுதி வாங்க ஆரம்பித்தன. இருந்தாலும் எல்லைக்கோடு இன்றைக்கும் கறாரானதல்ல. ‘தி புக் தீஃப்’ 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் இளையோர் நாவலாக வந்தது. கதை அதேதான், விமானம் ஏறியதில் வயது குறைந்துவிட்டது. (நம்மூர் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே 35க்குள் இருக்க வேண்டியது எழுதியவரின் வயது.)

சரி, அலமாரியை விடுங்கள். உள்ளே என்ன வேறுபாடு? என்னைக் கேட்டால், கதை நடந்த நேரத்துக்கும் அதைச் சொல்லும் நேரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதப்படும் பால்யகால நாவலில், சொல்பவர் பெரும்பாலும் நாற்பது வயதில் உட்கார்ந்துகொண்டு பத்து வயதைத் திரும்பிப் பார்ப்பார். “அன்று எனக்கு அது புரியவில்லை” என்று ஒரு வரி எப்படியும் வந்துவிடும். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ பள்ளிகளில் பாடமாகவே இருக்கிறது, ஆனாலும் அந்தச் சிறுமியின் கதையைச் சொல்வது வளர்ந்த பெண். நல்ல இளையோர் நாவலில் அந்த வளர்ந்த ஆள் இருக்கமாட்டார். கதை சொல்லும் பிள்ளை கண்ணில் பட்டதைச் சொல்லும். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்த வளர்ந்த ஆளின் நாற்காலி காலியாக இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் போய் உட்காருவது அதில்தான்.

நீங்கள் வாசித்த ‘லாங் வே டவுன்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். ஜேசன் ரெனால்ட்ஸ் 2017இல் எழுதியது. அண்ணனைச் சுட்டுவிட்டார்கள். தம்பி வில்லுக்கு 15 வயது. அவர்கள் பகுதியில் மூன்று விதி: அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழிவாங்க வேண்டும். அண்ணனின் இழுப்பறையில் இருந்த துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறான். அது கீழே போய்ச் சேர ஒரு நிமிடச் சொச்சம். நாவல் நடப்பதும் அந்த நேரத்துக்குள்தான். மாடிக்கு மாடி செத்துப்போனவர்கள் ஏறுகிறார்கள். முதலில் ஏறுபவன், துப்பாக்கியில் ஒரு தோட்டா குறைகிறதே என்கிறான். வில்லுக்கு அது விடை தெரியாத கணக்கு. உங்களுக்கு அந்த வரியிலேயே வயிற்றைப் பிசைந்திருக்கும். கொன்றவன் இன்னார்தான் என்று வில் வைத்திருக்கும் ஆதாரம் எவ்வளவு நோஞ்சான் என்பதையும், லிஃப்ட் கிளம்பும் முன்பே எடைபோட்டிருப்பீர்கள். பிறகு அப்பா ஏறுகிறார். தன் சகோதரனுக்காகப் பழிவாங்கப் போய் ஆள் மாறிச் சுட்டவர். அந்தப் பக்கங்களை உங்கள் மகள் வில்லோடு நின்று வாசித்திருப்பாள். நீங்கள் பெற்றவர் பக்கம் நின்றிருப்பீர்கள். ஒரே புத்தகம்தான், இருவர் கையிலும் எடை வேறு.

அடுத்து நீங்கள் வாசிக்க வேண்டியது ராபர்ட் கார்மியரின் ‘தி சாக்லேட் வார்’. 1974. உங்கள் வேலையை நினைத்தே சொல்கிறேன்.

ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி, ஏறக்குறைய 400 மாணவர்கள். ஆண்டுதோறும் பள்ளிக்காக வீடு வீடாகச் சாக்லேட் விற்பார்கள். போன வருடம் ஆளுக்கு 25 பெட்டி, பெட்டி 1 டாலர். இந்த வருடம் ஆளுக்கு 50 பெட்டி, விலையும் 2 டாலர். மொத்தம் 20,000 பெட்டி. எல்லாம் அன்னையர் தினத்துக்குப் போட்டு மிஞ்சிய சரக்கு, ஊதா ரிப்பனைக் கழற்றிவிட்டால் புதுசு. தலைமை ஆசிரியர் நோயில் படுத்திருக்க, பொறுப்பில் இருக்கும் பிரதர் லியோன் தனக்கில்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பள்ளிப் பணத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார். தினமும் வகுப்பில் பெயர் கூப்பிட்டு, நேற்று எத்தனை பெட்டி என்று கேட்கிறார். ஒவ்வொருவனும் எழுந்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். ஜெரி என்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் மட்டும் விற்கமாட்டேன் என்கிறான்.

14 வயதில் இதை வாசிப்பவருக்கு இது ஜெரியின் கதை. டார்கெட் மீட்டிங்கில் உட்கார்ந்தவருக்கு லியோனின் கதையும் கூடவே ஓடும். போன வருடத்தை இரண்டால் பெருக்கியது யார், மேலே கேட்காமல் சரக்கை எடுத்தது யார், அந்தப் பயம் எப்படி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக் கடைசி பெஞ்சுப் பையன் மேல் விழுகிறது என்று நீங்கள் வரைபடமே போட்டுவிடுவீர்கள். ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். முதல் பத்து நாள் ஜெரி மறுப்பது சொந்தத் துணிச்சலில் அல்ல. மாணவர்களின் ரகசியக் கும்பல் ஒன்று அவனுக்கு வைத்த சோதனை அது. பத்து நாள் முடிந்து, இனி விற்கலாம் என்று ஆன பிறகும் அவன் வாயில் “இல்லை” என்றுதான் வருகிறது. ஏன் என்று அவனுக்கே தெளிவில்லை. கார்மியரும் விளக்கம் சொல்வதில்லை. கடைசியில் எல்லாப் பெட்டியும் விற்றுப்போகிறது, அவனுடைய 50 தவிர. அந்தக் கணக்கில் பல பெட்டிகள், விற்காதவர்கள் பெயரில் ஏற்றப்பட்டவை என்பது உங்களுக்கு அதிர்ச்சி தராது என்றே நினைக்கிறேன்.

இந்த நாவலின் முடிவை மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பியனுப்பிய பதிப்பகங்கள் உண்டு. ஜெரி அடிபட்டுக் கிடக்கிறான், அடிக்க ஏற்பாடு செய்தவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. கார்மியர் மாற்றவில்லை. 2014இல் ‘ஸ்லேட்’ இணைய இதழில் ஒரு கட்டுரை, பெரியவர்கள் இந்த வகை நாவலை வாசிக்க வெட்கப்பட வேண்டும் என்று வாதிட்டுப் பெரிய சண்டையைக் கிளப்பியது. அழவோ கைதட்டவோ வைத்து வசதியாக முடித்துவிடுகிறார்கள் என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டு. சந்தையில் குவிந்து கிடப்பதில் பெரும்பகுதிக்கு அது பொருந்தும், மறுக்கமாட்டேன். கார்மியரிடம் செல்லாது.

வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’ நாவலிடமும் செல்லாது. 1999இல் வந்தது. இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதை 2000இல் தொடங்கியபோது முதலில் பெற்றது இதுதான். ஹார்லெமில் ஒரு மருந்துக்கடைக் கொள்ளை, கடைக்காரர் சாகிறார். உள்ளே போலீஸ் இருக்கிறதா என்று நோட்டம் பார்த்ததாக 16 வயது ஸ்டீவ் மீது வழக்கு. சினிமா பயிலும் பையன் என்பதால் தன் வழக்கைத் திரைக்கதையாக எழுதிக்கொண்டு போகிறான், நடுநடுவே நாட்குறிப்பு. விடுதலையாகிறான். மகிழ்ச்சியில் தன் வக்கீலை அணைக்கக் கைகளை விரிக்கிறான். அந்த அம்மாள் விறைத்து, திரும்பிக்கொண்டு, மேஜைக் காகிதங்களை அடுக்குகிறார். மாதங்கள் கழித்தும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்: என்னைப் பார்த்தபோது அவர் எதைப் பார்த்தார்? சந்தேகத்தின் பலனில் விடுதலை என்பதும் குற்றமற்றவன் என்பதும் ஒன்றல்ல என்று வக்கீலுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சுலபமா என்று கேட்டீர்கள். வாக்கியங்கள் சுலபம்தான். ‘லாங் வே டவுன்’ வசனகவிதை வடிவம், சில பக்கங்களில் பத்துச் சொல்கூடத் தேறாது, அதனால்தான் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. வழக்கமான இளையோர் நாவல் 50,000 முதல் 80,000 சொல் வரை இருக்கும். நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாகப் போனாலும் 60,000 சொல்லுக்கு ஏழு மணி நேரத்துக்குள் ஆகிவிடும், தினம் ஒரு மணி என்றால் ஒரு வாரம். கிளையை மூடிவிட்டு வருகிறவருக்கு இந்த அளவு தோதாக இருப்பதில் குற்றமில்லை. அறுபதாம் பக்க நாவல் அவசரப்படாது.

இனி, வேண்டாத நாவலை எப்படிக் கழிப்பது. முதலில் பின்னட்டையில் வயது பாருங்கள். 8–12 என்றால் அது சிறுவர் நாவல், நீங்கள் தேடுவது 12+ அல்லது 14+. ‘நியூ அடல்ட்’ என்று போட்டிருந்தால் கல்லூரி வயதுக் காதல் கதையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிறகு முதல் பத்துப் பக்கம். கதை சொல்லும் பிள்ளை தன் மனக்காயத்தைத் தானே பெயர் சொல்லி, காரணம் சொல்லி, மருந்தும் சொன்னால் வைத்துவிடுங்கள். அது பதினாறு வயது வேஷம் போட்ட மனநல ஆலோசகர். உங்கள் நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார், உங்களுக்கு நிற்க இடமில்லை. பெற்றோர், ஆசிரியர் எல்லோரும் ஒன்று மடையர் அல்லது செத்துப்போனவர் என்றாலும் சந்தேகப்படுங்கள். லியோன் கெட்டவர், ஆனால் மடையரல்ல. நாவல் அதனால்தான் நிற்கிறது. மூன்று பாகத் தொடர் என்றால் முதல் பாகத்தோடு நிறுத்த மனதைத் தயார்செய்துகொண்டு தொடங்குங்கள். இரண்டாம் பாகம் பல நேரம் ஒப்பந்தத்துக்காக இழுத்தது. நீங்கள் சொன்ன இரண்டு பையன் விவகாரம் அந்த இழுவைக்குப் பிடித்தமான ரப்பர்.

ஆங்கிலத்துக்கே போக வேண்டும் என்றும் இல்லை. 1982இல் வந்த பூமணியின் ‘வெக்கை’யை எடுத்துப் பாருங்கள். 15 வயதுச் சிதம்பரம் கையை மட்டும் வெட்ட நினைத்து வீசுகிறான், ஆளே செத்துப்போகிறான். அங்கே தொடங்கி அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் நாட்கள்தான் நாவல். பின்னாளில் யோசித்துச் சொல்லும் குரல் அதில் இல்லை. தமிழில் அந்த அலமாரி இல்லாததால் நாம் அதைப் பெரியவர் நாவலாகவே வாசித்துப் பழகிவிட்டோம். 2019இல் அது ‘அசுரன்’ ஆனபோது என்ன செய்தார்கள்? அப்பாவுக்கு ஒரு முன்கதை கொடுத்து, பூமணி காலியாக விட்டிருந்த நாற்காலியில் தனுஷை உட்காரவைத்தார்கள். படம் நன்றாக ஓடியது. நாவலை அந்த நாற்காலி காலியாக இருக்கிறபடியே வாசியுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: ‘தி சாக்லேட் வார்’, ‘மான்ஸ்டர்’, பிறகு ‘வெக்கை’. அமெரிக்கப் பள்ளிக்கூடக் கொச்சைக்கெல்லாம் அகராதி புரட்டாதீர்கள், ஐம்பது பக்கத்தில் காது பழகிவிடும். மகள் வாசிப்பதை இது அவளுக்கு ஆகுமா ஆகாதா என்று சோதிக்கும் கண்ணோடு மட்டும் வாசிக்க வேண்டாம். அப்படி வாசித்தால் கதை போய்விடும், தணிக்கை மட்டும் மிஞ்சும். அவளும் அடுத்த புத்தகத்தைச் சோபாவில் விட்டுவிட்டுப் போகமாட்டாள்.

பாதியில் வைத்தீர்களே, அந்த இரண்டு பையன் நாவல், அதை அவள் முழுக்க வாசித்தாளா? வாசித்திருந்தால், விசாரணை மாதிரி இல்லாமல், எந்த இடத்தில் அவளுக்குப் பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.