கூச்சப்படுபவரே விடுதியைத் தேர்ந்தெடுக்கட்டும்

கேள்வி: நானும் என் துணைவரும் குன்னூரில் பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அவர் ஊட்டியில் ஆசிரியர். அக்கம்பக்கத்தாருக்கு நாங்கள் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். கொடைக்கானலில் ஒரு விடுதியில் ஒரே கட்டில் உள்ள அறை கேட்டபோது, “ரெண்டு பேரும் பிரதர்ஸா சார்?” என்றார்கள். ஆமாம் என்று சொல்லி, இரண்டு கட்டில் அறையை வாங்கிக்கொண்டோம். வரும் மே விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போய், உடை உடுத்துவது அவரவர் விருப்பம் என்று விடப்பட்ட ஒரு கடற்கரை ஊரில் ஒரு வாரம் தங்க எனக்கு ஆசை. என் துணைவரோ அருவியில் குளித்தாலும் துண்டு கட்டிக்கொண்டு குளிப்பவர். இணையத்தில் பார்த்தால் எல்லா விடுதிகளும் தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கும் அடையாளமான வானவில் கொடியைப் போட்டிருக்கின்றன. எதை நம்புவது? அங்கே ஒரே அறையில் தங்குவது இங்கே யாருக்காவது தெரியவருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் கடிதத்தில் விடுதியைப் பற்றிய கேள்விகளை எல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், தயக்கம் முழுவதும் அவருடையதாக இருக்கிறது. அதனால் என் முதல் ஆலோசனை, விடுதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான். ஆர்வம் உள்ளவர் எந்த விடுதியிலும் ஒரு வாரத்தை மகிழ்ச்சியாகக் கழித்துவிடுவார். தயங்குபவர் தவறான விடுதியில் மாட்டிக்கொண்டால் அறைக்குள்ளேயே ஒரு வாரம் உட்கார்ந்திருப்பார்; நீங்களும் அவருக்குத் துணையாக உட்கார வேண்டியிருக்கும்.

அவர் தேடத் தொடங்கும் முன், ஒன்றோடொன்று கலந்து விளம்பரப்படுத்தப்படும் சில வகைகளைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கிறோம் என்று சொல்லும் பொதுவான விடுதி ஒன்று. அங்கே குடும்பங்களும் முதியவர்களும் தங்கியிருப்பார்கள், நீச்சல் குளத்தில் எல்லோரும் உடையோடுதான் இருப்பார்கள். தன்பாலீர்ப்பாளர்களை மனத்தில் வைத்தே நடத்தப்பட்டாலும், யார் வந்தாலும் இடம் தரும் விடுதி இன்னொன்று. 2003இல் பார்சிலோனாவில் தொடங்கிய ஆக்சல் என்ற விடுதிக் குழுமம் இந்த வகை. ஆண்களுக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொண்டு, குளத்தங்கரையில் உடையை விருப்பத்துக்கு விட்டுவிடும் சிறிய பங்களா வளாகங்கள் மூன்றாவது வகை. இவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை நிர்வாண வாழ்க்கை முறைக்காகவே அமைந்த குடியிருப்புகள். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் ஆண், பெண் இணைகளாகவே இருப்பார்கள். பிரான்சின் தென்கரையில் உள்ள கப் தாக்த் இதற்குப் புகழ்பெற்றது. வாயிலில் கட்டணம் செலுத்தி உள்ளே போனால் கடைத்தெருவிலும் உடையின்றி நடமாடலாம். உங்கள் துணைவரை முதல் பயணத்திலேயே அங்கே அழைத்துப் போனால் இரண்டாவது பயணம் என்று ஒன்று இருக்காது.

ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. 2005இலேயே ஒரே பாலினத்தவர் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு அது. கடற்கரையில் உடையின்றி இருப்பதைத் தடுக்கும் தேசியச் சட்டம் எதுவும் அங்கே இல்லை. ஆனால் நகராட்சிகள் தங்கள் எல்லைக்குள் விதி வகுக்கலாம். பார்சிலோனா 2011இல் அப்படி வகுத்தது, அங்கே தெருவில் வெற்றுடம்போடு நடந்தாலும் அபராதம் விதிக்கலாம். ஆகவே கடற்கரையின் சுதந்திரம் மணலோடு முடிந்துவிடுகிறது என்று கொள்ளுங்கள். பையில் ஒரு கால்சட்டையும் சட்டையும் எப்போதும் இருக்கட்டும். சிலர் மெக்சிகோவின் சிப்போலிட்டே என்ற கடற்கரை ஊரைப் பரிந்துரைப்பார்கள். அழகான இடம்தான், ஆனால் அலையின் இழுப்பு மிகக் கடுமையானது. மலையில் வளர்ந்து நீச்சல் பழகாதவர்கள் ஒரு வார விடுமுறைக்காக அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை.

ஸ்பெயினுக்குள் உங்களுக்குப் பொருத்தமான இடங்கள் இரண்டு. பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் இருக்கும் சிட்ஜஸ், ரயிலில் நாற்பது நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய பழைய ஊர். ஊர் நடுவே உள்ள பாசா ரொடோனா கடற்கரையில் ஆண் இணைகள் நீச்சலுடையோடு இருப்பார்கள். கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய பால்மின்ஸ் சிறு வளைகுடாக்களில் உடை அவரவர் விருப்பம். ஆண், பெண், குடும்பம் என்று எல்லோரும் கலந்து இருப்பதால் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. மேற்கே ஒரு மணி நேர நடைத் தொலைவில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இன்னொரு நிர்வாணக் கடற்கரை உண்டு; ரயில் பாதையை ஒட்டிப் போகும் வழி, நிழலும் கிடையாது, அதனால் அதை விட்டுவிடலாம். சிட்ஜஸில் விடுதி பார்க்கும்போது, பார்கள் நிறைந்த மையத் தெருக்களின் இரைச்சல் பின்னிரவு வரை அடங்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். குன்னூரில் ஒன்பது மணிக்கு ஊரடங்கிப் பழகியவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. தெருப் பக்கம் அல்லாத அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது இடம், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி அட்லாண்டிக்கில் இருக்கும் கிரான் கனாரியா தீவின் தென்முனையில் உள்ள மஸ்பலோமஸ். என் தேர்வு இதுதான். மே மாதத்தில் சிட்ஜஸின் கடல் இன்னும் குளிராகவே இருக்கும். மஸ்பலோமஸில் ஆண்டு முழுவதும் பகல் இதமாக இருக்கும், கடல்நீரும் ஓரளவு தாங்கும். ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுபவர்கள் இரண்டையும் தாங்குவார்கள் என்பது வேறு விஷயம். அதைவிட முக்கியமான காரணம், அந்தக் கடற்கரையின் நீளமும் அகலமும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் மணற்பரப்பில், எண்ணிட்ட சிறு கடைகளைக் கொண்டுதான் இடத்தை அடையாளம் சொல்வார்கள். 7ஆம் எண் கடையைச் சுற்றிய பகுதி தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடம். பக்கத்திலேயே உடையோடு குடும்பங்களும் நடந்து போய்க்கொண்டிருக்கும். உங்கள் துணைவர் முதல் நாள் அரைக்கால்சட்டையோடு நடந்து பார்க்கலாம், மறுநாள் துண்டை விரித்து உட்காரலாம், மூன்றாம் நாள் என்ன செய்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். கடைசி நாள் வரை உடையோடு இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கடற்கரைக்குப் பின்னால் உள்ள மணல்மேடுகள் பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பகம்; குறித்த பாதையை விட்டு விலகி உள்ளே போனால் அபராதம் உண்டு. ஒதுக்குப்புறம் தேடி அதற்குள் நுழைய வேண்டாம். கடலில் சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: தன்பாலீர்ப்பாளர்கள் கூடிக் கொண்டாடும் மஸ்பலோமஸின் பிரைடு விழா மே மாதத்தின் முற்பகுதியில் வரும். அந்த நாட்களில் விடுதிக் கட்டணம் ஊட்டி மலர்க் கண்காட்சி வாரத்தில் ஏறுவது போல ஏறும், அறையும் கிடைக்காது. உங்களுக்குக் கூட்டம் வேண்டாம் என்றால் மாதத்தின் பிற்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி விடுதி. வானவில் கொடியை நம்பலாமா என்று கேட்டீர்கள். கொடி என்பது விளம்பரப் பிரிவின் முடிவு. உங்களுக்குத் தேவை வரவேற்பு மேசையில் இருப்பவரின் நடத்தை. முன்பதிவுத் தளங்களில் புக்கிங் டாட் காம் 2021இல் தொடங்கிய ‘டிராவல் பிரவுட்’ அடையாளம், விடுதி ஊழியர்கள் ஒரு பயிற்சியை முடித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும். வெறும் கொடியைவிட அதற்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு உண்டு. 1983இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தன்பாலீர்ப்பாளர் பயணச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால் இவை எல்லாவற்றையும்விட, நீங்களே அனுப்பும் ஒரு மின்னஞ்சலுக்கு வரும் பதிலைத்தான் நான் நம்புவேன்.

அந்த மின்னஞ்சலை உங்கள் துணைவர் எழுதட்டும். நாங்கள் இருவரும் ஆண்கள், இணையர், எங்களுக்கு ஒரே மெத்தை உள்ள ஒரே கட்டில் வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பெயினில் இரட்டைக் கட்டில் என்ற பெயரில் இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டுவைக்கும் வழக்கம் இருப்பதால், ஒரே மெத்தை என்று தனியாகக் குறிப்பிடுவது நல்லது. பிறகு உடையைப் பற்றிக் கேளுங்கள்: குளத்தங்கரையில் உடையின்றி இருப்பது விருப்பமா, கட்டாயமா, உடையோடு இருப்பவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள், காலை உணவுக் கூடத்தில் என்ன விதி, குளத்தங்கரையில் கைபேசி அனுமதிக்கப்படுகிறதா. இந்தக் கடைசிக் கேள்விதான் உங்களுக்கு மிகவும் முக்கியம். யாரோ எடுக்கும் ஒரு படத்தின் பின்புலத்தில் நீங்கள் இருவரும் இருப்பதைத் தவிர, அங்கே நடப்பது இங்கே தெரியவர வேறு வழி அநேகமாக இல்லை. குளத்தங்கரையில் படம் எடுப்பதை முற்றிலும் தடை செய்த விடுதியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘விருந்தினர்கள் பொறுப்பாக நடந்துகொள்வார்கள்’ என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லாமல், ‘எல்லோரையும் அன்போடு வரவேற்கிறோம்’ என்று மட்டும் எழுதுபவர்களையும் தள்ளிவிடலாம்.

விருந்தினர் எழுதிய மதிப்புரைகளில் பாராட்டுகளைத் தாண்டிப் போய்க் குறைகளைப் படியுங்கள். சுவர் மெல்லியது, பாலேடு தீர்ந்துவிட்டது என்பவை பொருட்டல்ல. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு விருந்தினர் நெருங்கி வந்தார், நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தால் அது பொருட்டு. ஆண்களுக்கு மட்டுமான வளாகங்களில் சிலர் பழக முன்வருவார்கள்; ‘நன்றி, வேண்டாம்’ என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிட வேண்டும். உடையின்றி இருப்பது அழைப்பு ஆகாது என்பது நல்ல விடுதிகளில் எழுதப்படாத சட்டம். ஆசிய விருந்தினர்களின் அனுபவத்தையும் தேடிப் பாருங்கள். இந்த விடுதிகளில் பழுப்புத் தோல் கொண்டவர்கள் குறைவு. சில இடங்களில் அது தேவையற்ற கவனிப்பாகவும், சில இடங்களில் கவனிப்பே இல்லாமலும் வெளிப்படும்.

என்னைக் கேட்டால், ஒரு வாரத்தை இரண்டாகப் பிரிப்பேன். முதல் நான்கு இரவுகள் மஸ்பலோமஸை ஒட்டிய பிளாயா தெல் இங்கிலேஸ் பகுதியில், கடற்கரைக்கு நடந்து போகக்கூடிய, உடையோடு இருக்கும் இரண்டாவது வகை விடுதி. மீதி இரவுகளுக்கு ஆண்களுக்கான பங்களா ஒன்றை, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்துவையுங்கள். ரத்து செய்யும் கடைசி நாளுக்குள் உங்கள் துணைவர் வேண்டாம் என்றால் முதல் விடுதியிலேயே இரவுகளை நீட்டித்துக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்றால் முகத்தைத் தொங்கப்போடக் கூடாது என்பது உங்களுக்கான விதி. அந்தப் பங்களாவுக்குப் போனால், எங்கே உட்கார்ந்தாலும் முதலில் துண்டை விரித்து அதன் மேல்தான் உட்கார வேண்டும்; இதுதான் இவ்விடங்களின் முதல் மரியாதை. ஆண்டு முழுவதும் ஸ்வெட்டருக்குள் இருந்த உடம்பு வெயிலைப் பார்க்கப் போகிறது, ஆகவே வழக்கமாகத் தடவாத இடங்களிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

யாருக்காவது தெரியவருமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்பெயினில் விடுதிகள் ஒவ்வொரு விருந்தினரின் கடவுச்சீட்டு விவரத்தையும் பதிவு செய்து அந்நாட்டு உள்துறைக்கு அனுப்ப வேண்டும். 2024 டிசம்பர் முதல் இவ்விதி கடுமையாகியிருக்கிறது. வரவேற்பு மேசையில் நிறையக் கேட்கிறார்களே என்று பதறாதீர்கள், எல்லோரிடமும் கேட்பதுதான். இரண்டு பெரியவர்களுக்குள் என்ன உறவு என்பது அதில் இல்லை. இந்தியச் சட்டத்தைப் பற்றியும் அச்சம் வேண்டாம்: 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பளித்த பின், வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது இங்கும் குற்றமல்ல. கொடைக்கானல் விடுதிக்காரருக்கு நீங்கள் அண்ணன் தம்பி என்று பொய் சொல்ல வேண்டிய சட்டக் கட்டாயமும் இருக்கவில்லை. ஆனால் அறையைக் கொடுப்பவர் எதிரே நிற்கும்போது சட்டம் நினைவுக்கு வராது என்பது எனக்குத் தெரியும்.

விசாவுக்கு நீங்கள் இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். உறவைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை, சேர்ந்து பயணம் செய்யும் நண்பர்கள் என்றால் போதும். ஒரே விடுதிப் பதிவில் இருவர் பெயரும் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கோடை நெரிசலுக்கு முன் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். கைரேகை பதிவு செய்ய இருவரும் நேரில் போக வேண்டும். சென்னை மையத்தில் ஒரே நாளில் அடுத்தடுத்த நேரம் வாங்கிக்கொண்டால், மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் வேலையை முடித்துவிட்டு அன்றிரவே அதே ரயிலில் திரும்பிவிடலாம்.