கேட்டும் கிடைக்காதபோது

கேள்வி: ஏதாவது வேண்டும் என்று கேட்பதற்காகவே நான் பிரார்த்தனை செய்கிறேன். அது சுயநலம் என்கிறார் என் நண்பர். அப்படித்தானா?

பதில்: தேவையைச் சொல்லி முறையிடுவதில் சுயநலம் ஏதும் இல்லை. துன்பத்தில் தவிப்பவன், பொருளை நாடுபவன், உண்மையை அறிய விரும்புபவன், ஞானி என நான்கு வகையினர் தன்னை வழிபடுவதாகக் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கூறும் கண்ணன், ஞானியைத் தனித்து உயர்த்தினாலும், நால்வரையுமே நல்லவர்கள் என்கிறான். ஆயினும் வேண்டுதல் அந்தப் பொருளோடு நின்றுவிடக் கூடாது. செவ்வேளாகிய முருகனைப் பாடும் பரிபாடலில் கடுவன் இளவெயினனார், தாம் இரப்பவை பொருளும் பொன்னும் போகமும் அல்ல என்று சொல்லி, அருள், அன்பு, அறன் ஆகிய மூன்றையும் கேட்கிறார். வேலை கிடைக்க வேண்டும் என்று கேட்கும் நீங்கள், அந்த வேலையில் நேர்மை தவறாதிருக்கும் திடத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: நோயுற்ற என் அக்காள் பிழைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மன்றாடினேன். அவள் இறந்துவிட்டாள். ‘உன் நம்பிக்கை போதவில்லை’ என்று உறவினர் ஒருவர் சொன்னார். இனி நான் எதற்காகப் பிரார்த்திக்க வேண்டும்?

பதில்: அந்தச் சொல்லை மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள்; துக்கத்தில் இருப்பவர்மேல் பழியையும் சுமத்துவது கொடுமை. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு கெத்சமனே தோட்டத்தில் இயேசு இந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று மன்றாடினார், அது நீங்கவில்லை. அவருடைய நம்பிக்கை குறைவானது என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. கேட்டதைப் பெற்றுத் தருவதே பிரார்த்தனையின் பயன் என்று எண்ணினால் உங்களுடைய மாதங்கள் வீணானவையாகத் தோன்றும். நான் அப்படி எண்ணவில்லை. அவள் படுக்கையருகே நீங்கள் அமர்ந்து, செய்வதற்கு வேறொன்றும் இல்லாத வேளையிலும் அவளை விட்டு விலகாமல் இருந்தீர்களே, அதற்கான தெம்பு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது உங்களுக்குக் கோபம் வருமானால் அந்தக் கோபத்தையே இறைவனிடம் சொல்லலாம். ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று தொடங்கும் 22ஆம் சங்கீதம் வேதநூலான விவிலியத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. வாய் திறந்து சொல்லவும் இயலாவிட்டால் பிறரோடு சேர்ந்து அமருங்கள். யூத மரபில் இறந்தோருக்காகச் சொல்லப்படும் கதீஷ் மன்றாட்டைத் துக்கத்தில் இருப்பவர் தனியாகச் சொல்வதில்லை. குறைந்தது 10 பேர் கூடியிருக்க வேண்டும் என்பது விதி. அதில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இறைவனின் புகழே இருக்கிறது. அந்தப் புகழ்ச்சியை இன்று மனமாரச் சொல்ல முடியாதவரையும் சுற்றியிருப்பவர்களின் குரல் தாங்கிக்கொள்கிறது.

கேள்வி: உதடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் அலுவலகத்துக்கும் கடன் தவணைக்கும் ஓடிவிடுகிறது. இப்படிச் செய்வதைவிடச் செய்யாமலே இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதைப் போலக் கடினம் என்று அர்ஜுனனே முறையிட்டான்; கண்ணனும் அதை மறுக்காமல், பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது வசப்படும் என்றான். எனவே நல்ல மனநிலை வரட்டும் என்று காத்திராமல் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். இஸ்லாமியர்களின் ஐந்து வேளைத் தொழுகை, வைகறை முதல் இரவு வரை சூரியனின் போக்கை ஒட்டியே அமைந்திருக்கிறது. தொழுபவரின் உற்சாகத்தை அது எதிர்பார்ப்பதில்லை. சொற்களைக் குறைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். தவணை நினைவுக்கு வந்தால் அதை விரட்டாமல், அதைப் பற்றிய அச்சத்தையே அன்றைய வேண்டுதலாக்குங்கள். பிறகு, உங்களோடு மனத்தாங்கல் கொண்ட ஒருவரின் பெயரைச் சொல்லி அவருடைய நலனுக்காகவும் வேண்டிப் பாருங்கள். அந்தப் பெயர் வரும் இடத்தில் நாக்கு தயங்கும், ஓடிக்கொண்டிருந்த மனமும் அங்கே நின்றுவிடும்.