முக்கால் இன்ச் பைப்பும் மூடாத ஒட்டும்: கிளாம்ப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பைப் கிளாம்ப் பற்றியவை. ஒட்டும் பலகைகளைப் பசை இறுகும் வரை அழுத்திப் பிடிக்க இரும்புப் பைப்பில் மாட்டும் இரண்டு தாடைகள்தான் அது: ஒரு முனையில் திருகுள்ள தலை, மறுபக்கம் பைப்பில் நகர்ந்து கிளட்ச் தட்டுகளால் கவ்வி நிற்கும் வால்பகுதி. தட்டுகளை விடுவிப்பது லீவர். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ‘கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை, என்ன செய்ய?’ என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்குப் பதில் இல்லை. பைப்பின் விட்டம், மரத்தின் கனம், என்ன பசை என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: அரை இன்ச் தலை வாங்குவதா, முக்கால் இன்ச்சா? அரை இன்ச் எடை குறைவாக இருக்கிறதே?

முக்கால் இன்ச். எடை வித்தியாசம் மீட்டருக்கு அரை கிலோகூட வராது, விறைப்போ இரண்டு மடங்குக்கும் மேல். நீளம் கூடக் கூட அரை இன்ச் பைப் வில்லாக வளையும். அறுபது, எழுபது சென்டிமீட்டருக்குள் முடிகிற இழுப்பறை, சின்னப் பெட்டி வேலைகள் மட்டும் என்றால் அரை இன்ச் போதும். மேஜைப் பலகையும் கதவும் செய்யப்போகிறவர் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: முக்கால் இன்ச் கிளாம்ப் செட் வாங்கினேன். வீட்டில் கிடந்த 25 மி.மீ. இரும்புக் குழாயில் மாட்டினால் வால்பகுதி லொடலொடவென்று ஆடுகிறது, தலை திருகவே இல்லை. செட் பழுதா?

செட் பழுதில்லை, குழாய்தான் தப்பு. தண்ணீர்ப் பைப்பில் முக்கால் இன்ச் என்பது பெயரளவு. அதன் வெளிவிட்டம் 26.7 மி.மீ. அரை இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. நாற்காலி, கட்டில் செய்கிற குழாய் வெளிவிட்டத்தால் அளக்கப்படுவது. மின்கம்பி போகும் கான்டூயிட்டும் வேறு அளவு, சுவரும் மெல்லியது. இரண்டையும் கிளட்ச் தட்டுகள் கவ்வாது, கவ்வினாலும் குழாய் நசுங்கும். சுவர் 2.5 மி.மீ.க்குக் குறையாத, ஒரு முனையிலாவது மரை வெட்டிய தண்ணீர்ப் பைப்தான் வேண்டும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். அளக்காமல் வாங்கியதற்குக் கிளாம்பைத் திட்ட வேண்டாம்.

கேள்வி: கிளாம்ப் தலையில் என்.பி.டி. (அமெரிக்க) மரை, என் பைப்பில் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ்) மரை. சேருமா?

அரை, முக்கால் இன்ச் அளவுகளில் சேரும். இரண்டிலும் இன்ச்சுக்கு 14 மரை. என்.பி.டி. மரையின் கோணம் 60 பாகை, பி.எஸ்.பி.க்கு 55. தண்ணீரோ வாயுவோ கசியாமல் நிற்க வேண்டிய இடத்தில் இந்தக் கலப்பு கூடாது. இங்கே கசிய ஒன்றுமில்லை. நாலைந்து சுற்று ஏறி இறுகினால் போதும். தலையைக் கையால் மட்டும் திருகி விட்டுவிடாதீர்கள். ரெஞ்ச் போட்டு இறுக்காவிட்டால் வேலை நடுவில் தலை தானாகச் சுழலும்.

கேள்வி: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பா, கறுப்பு இரும்புப் பைப்பா?

பிடிமானத்துக்குக் கறுப்பு. துத்தநாகப் பூச்சு மிருதுவானது, வழுவழுப்பானது. கிளட்ச் தட்டின் விளிம்பு பூச்சைச் சுரண்டிக்கொண்டு நழுவும், சுரண்டிய தூள் தட்டுகளுக்கு நடுவில் போய் அடையும். ஏற்கெனவே ஜி.ஐ. வாங்கிவிட்டீர்களென்றால் தூக்கி எறிய வேண்டாம். 80-ஆம் எண் உப்புத்தாளைப் பைப்பைச் சுற்றிப் பிடித்துக் குறுக்குவாக்கில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புப் பைப்பில் வேறொரு தொல்லை உண்டு. அது அடுத்த கேள்வியிலேயே வந்து நிற்கிறது.

கேள்வி: ஒட்டிய பலகையில் கிளாம்ப் இருந்த இடமெல்லாம் நீலக்கறுப்புக் கோடுகள். தேய்த்தாலும் போகவில்லை.

இரும்பு, ஈரம், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் மூன்றும் சேர்ந்தால் மை. பழைய காலத்து எழுதும் மையே இந்தக் கூட்டில் உண்டானதுதான். பி.வி.ஏ. பசையில் (வழக்கமான வெள்ளை மரப்பசை) உள்ள தண்ணீரே அதற்குப் போதும். ஓக், வேலமரம், வால்நட் போன்ற டானின் மிகுந்த மரங்களில் ஒரு மணி நேரத்திலேயே படியும். ஒட்டுக்கோட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் மெழுகுத்தாள் துண்டு ஒன்றைப் போடுங்கள், அல்லது பலகையைப் பைப்பின் மேல் படாமல் சக்கை (சிறு மரத்துண்டு) கொடுத்துத் தூக்கி வையுங்கள். படிந்துவிட்ட கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல். கையுறை போட்டுத் தடவி, கறை வெளுத்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடைத்தெடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே இழையுங்கள். காய்ந்த அமிலத் தூள் மூக்கில் ஏறினால் எரியும்.

கேள்வி: வால்பகுதி நழுவிக்கொண்டே போகிறது. திருகத் திருகப் பின்னால் ஓடுகிறது.

பைப்பைத் துடைத்தீர்களா? மரை வெட்டும்போது ஊற்றிய எண்ணெயும், கறுப்புப் பைப்பின் மேல் வரும் வார்னிஷ் பூச்சும் அப்படியே இருக்கும். தின்னர் நனைத்த துணியால், துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடையுங்கள். அடுத்து கிளட்ச் தட்டுகள். உலர்ந்த பசையும் மரத்தூளும் சேர்ந்து அவற்றைச் சாயவிடாமல் பிடித்திருக்கும். தட்டு பைப்பில் சாய்ந்தால்தான் கவ்வும். கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, விளிம்பு மழுங்கியிருந்தால் தட்டுகளைத் திருப்பிப் போடுங்கள், புதிய விளிம்பு கிடைக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். எண்ணெய் திருகுக்கு மட்டும். பைப்புக்கு ஒரு சொட்டும் கூடாது.

கேள்வி: மூன்றடி நீள மேஜைப் பலகை. நடுவில் 2 மி.மீ. இடைவெளி இருந்தது. கைப்பிடியில் இன்னொரு குழாயைச் செருகி முழுப் பலத்தோடு திருகியதும் மூடிக்கொண்டது. மூன்று மாதத்தில் அதே இடத்தில் ஒட்டு பிளந்துவிட்டது. இன்னும் பலமான கிளாம்ப் எது?

எந்தக் கிளாம்பும் இல்லை. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் ஒவ்வொரு முறையும் வருகிறது, ஒவ்வொரு முறையும் இதையேதான் எழுதுகிறேன்: பலகையை நேராக்குவது இழைப்புளியின் வேலை. கிளாம்ப் செய்ய வேண்டியது நேரான இரண்டு முகங்களைப் பசை இறுகும் வரை அசையாமல் அழுத்திப் பிடிப்பது மட்டும்.

2 மி.மீ. இடைவெளியைத் திருகி மூடும்போது பலகையை வில்லாக வளைத்துப் பசைக்குள் பூட்டுகிறீர்கள். கிளாம்பைக் கழற்றியதும் அந்த வில் நிமிரப் பார்க்கும். அதைத் தடுத்து நிற்பது பசைப்படலம் மட்டுமே. பி.வி.ஏ. பசை ஓயாத இழுப்பில் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும் தன்மையுள்ளது. வறண்ட பருவத்தில் மரம் சுருங்கும்போது இழுப்பு இன்னும் கூடும். உங்களுக்கு மூன்று மாதம், இன்னொருவருக்கு ஓராண்டு, பிளப்பது உறுதி. கைப்பிடியில் குழாய் செருகியதில் கூடுதல் கேடு: திருகின் மரை தேயும், தலை வார்ப்பிரும்பானால் வெடிக்கவும் வெடிக்கும்.

செய்ய வேண்டியது இது. அடுத்தடுத்து வரும் இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல் மடக்கி, விளிம்புகள் இரண்டும் மேலே தெரிய வைஸில் பிடித்து, ஒன்றாகச் சேர்த்து இழையுங்கள். இழைப்புளி அரைப் பாகை சாய்ந்தாலும் ஒன்றில் கூடியது மற்றதில் குறைந்து, விரித்து வைத்தால் மட்டமாக நிற்கும். பிறகு ஒன்றை வைஸில் விட்டு மற்றதை அதன் மேல் நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியக் கூடாது. மேல்பலகையின் ஒரு முனையைப் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள்: நடுவை அச்சாக வைத்துச் சுழன்றால் நடுவில் மேடு இருக்கிறது, மறுபடி இழையுங்கள். முனைகள் உரசினால் நல்லது.

நடுவில் தாள் கனத்துக்கு, ஒரு மீட்டருக்கு அரை மி.மீ.க்குள், குழிவு விடலாம். அது முனைகளை இறுக்கமாக வைத்திருக்கும். பலகையின் முனைகள்தான் முதலில் காய்ந்து சுருங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. உங்கள் 2 மி.மீ. அந்தக் கணக்கில் சேராது. பசை தடவும் முன் உலர்வாக ஒருமுறை பூட்டிப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு கிளாம்ப், ஒரு கையால் திருகும் அளவு. அதிலேயே ஒட்டுக்கோடு முழுதும் மூட வேண்டும். மூடாவிட்டால் பசைப்புட்டியைத் திறக்காதீர்கள்.

பிளந்த பலகையைக் கோட்டிலேயே அறுத்து, பழைய பசை முழுதும் போகும் வரை இழைத்து, புதிதாக ஒட்டுங்கள். அகலத்தில் மூன்று, நான்கு மி.மீ. குறையும்.

கேள்வி: ஒட்டு நன்றாகத்தான் மூடுகிறது, ஆனால் பலகை முழுதும் கூரைபோல் நடுவில் மேலே எழும்புகிறது.

எல்லாக் கிளாம்பையும் அடியிலேயே போட்டிருப்பீர்கள். திருகும் விசை பைப்புக்கு மேலே ஓர் அங்குலம் தள்ளி நடக்கிறது, எனவே பைப் வளைந்து தாடைகளின் மேல்நுனி வெளியே சாய்கிறது. அழுத்தம் பலகையின் அடிவிளிம்பில் மட்டும் விழ, மேல்பக்கம் திறந்து, நடு எழும்புகிறது. அடியில் ஒன்று, மேலே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். தாடைக்கும் பலகைக்கும் நடுவில், பலகைக் கனத்தின் சரிபாதியில் ஒரு மரக்குச்சியை நீளவாக்கில் வைத்தால் விசை நடுக்கோட்டில் இறங்கும். திருகின் மையமும் பலகையின் கனமையமும் ஒரே உயரத்தில் வரும்படி சக்கை கொடுங்கள். ஒவ்வொன்றையும் பாதி பாதியாக இறுக்கிக்கொண்டே போய், நேர்சட்டம் வைத்துப் பாருங்கள். இதையும் உலர்வாக ஒருமுறை செய்து பார்த்த பிறகே பசை.

கேள்வி: எத்தனை கிளாம்ப் வாங்கினால் போதும்?

எவ்வளவு நீளம் ஒட்டப்போகிறீர்கள் என்று எழுதவில்லை, நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு மீட்டர் நீளம், 25 மி.மீ. கனம்: ஒட்டும் பரப்பு 250 சதுர செ.மீ. பி.வி.ஏ. பசைக்கு மென்மரத்தில் சதுர செ.மீ.க்கு 7 முதல் 10 கிலோ அழுத்தம், வன்மரத்தில் 12 முதல் 17. பத்து என்று வைத்தாலே மொத்தம் 2,500 கிலோ. முக்கால் இன்ச் கிளாம்ப் ஒன்று கையால் திருகிச் சுமார் 450 கிலோ தரும் என்று கொண்டால் ஆறு தேவை. வன்மரத்துக்கு எட்டு.

தாடையிலிருந்து அழுத்தம் இருபுறமும் 45 பாகையில் விரிகிறது. ஓரப்பலகை 10 செ.மீ. அகலமானால் முதல் ஒட்டுக்கோட்டில் ஒரு கிளாம்ப் 20 செ.மீ. நீளத்தைப் பிடிக்கும். ஓரப்பலகை ஒடுக்கமானால் தாடைக்கு முன்னால் அகலமான கழிவுப்பலகையை நிறுத்துங்கள், அதே விரிவு கிடைக்கும், விளிம்பும் நசுங்காது. சின்ன வேலைகளோடு தொடங்குகிறவருக்கு நான்கு தலை போதும். பைப்பை இரண்டு நீளங்களில் வெட்டி வைத்து மாற்றிக்கொள்ளலாம். பைப் கிளாம்பின் உண்மையான லாபமே அதுதான்.

கேள்வி: 1.2 மீட்டர் பைப்பில் 1.2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கலாமா?

முடியாது. தலை, வால், திருகின் ஓட்டம் எல்லாம் சேர்ந்து சுமார் 15 செ.மீ. தின்னும்.

கேள்வி: இரண்டு பைப்பைக் கப்ளிங் (மரையுள்ள இணைப்பு) போட்டு நீட்டலாமா?

தாராளமாக, வாங்கும்போதே இரு முனையிலும் மரை வெட்டச் சொல்லுங்கள். வால்பகுதி கப்ளிங்கைத் தாண்டி நகராது, ஆகவே அதை முதலிலேயே அந்தப் பக்கப் பைப்பில் ஏற்றிவிடுங்கள். கடைசி முனையில் ஒரு மூடி திருகி வையுங்கள். மூடியில்லாத பைப்பில் லீவரைத் தொட்டால் வால்பகுதி கழன்று காலில் விழும்.

கேள்வி: அலமாரிப் பெட்டிக்குப் பைப் கிளாம்ப் போட்டால் மூலை சதுரமாக நிற்பதில்லை.

தாடை பைப்பில் சற்று ஆடும். அதனால் பெட்டி வேலைக்கு, தாடைகள் சாயாமல் இணையாக நிற்கும் பேரலல் கிளாம்ப் நல்லது. கையில் பைப் கிளாம்ப்தான் என்றால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, நீளமான மூலைவிட்டத்தின் திசையில் கிளாம்பைச் சற்றே சாய்த்து இறுக்குங்கள். இரண்டும் சமமானதும் கையை எடுத்துவிடுங்கள். இதை உலர்வாக ஒத்திகை பார்க்காதவருக்கு நேரம் போதாது, பி.வி.ஏ. பசை ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தோல் கட்டும்.

கேள்வி: எவ்வளவு நேரம் கழித்துக் கழற்றலாம்?

வளைவில்லாத, நன்றாகப் பொருந்திய ஒட்டானால் அரை மணி முதல் ஒரு மணி. குளிரில் இரட்டிப்பு. முழுபலம் ஏற ஒரு நாள். அதற்குள் இழைக்கவோ வளைக்கவோ வேண்டாம். கழற்றும்போது முதலில் திருகைத் தளர்த்துங்கள், பிறகு லீவர். இறுக்கத்திலேயே லீவரைச் சுத்தியலால் தட்டினால் தட்டுகள் கெடும்.

கேள்வி: துருப்பிடிக்காமல் பைப்புக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

கூடாது. பெயின்ட் மேல் கிளட்ச் வழுக்கும். மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும்.